வேதியியல் வகுப்புக்கு ஓர் அடுத்தாள் வேண்டும்

செட்டிநாட்டுப் பகுதிக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், வேதியியல் துறை ஆசிரியர்களுக்கும், ஊர்ச் சங்கங்களிலும் அறக்கட்டளைகளிலும் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். காரைக்குடியில் குடியிருக்கிறேன். மாலை நேரத்தில் எங்கள் வீட்டு முகப்பில் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் சிலர் வந்து உட்காருகிறார்கள். இதற்குக் கட்டணமும் கிடையாது, போர்டும் கிடையாது. பள்ளியில் என்னிடம் படித்த இருவர், கல்லூரிக்குப் போன முதல் மாதமே திரும்பி வந்தார்கள். அவர்கள் தோழர்களைக் கூட்டி வந்தார்கள். இப்போது சில நாள் பன்னிரண்டு பேர் வரை ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான், அவர்களுக்குத் துணையாக மூத்த மாணவர்கள் சிலரைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள் என்று கேட்கத்தான், உங்களுக்கு இந்த மடல்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், மழையில் பாதி நனைந்தபடி ஒரு பெண் வந்தாள். புதுவயல் பக்கம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, வேதியியலில் நல்ல மதிப்பெண். மறுநாள் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. ரெக்கார்டு நோட்டை விரித்து, "இந்தக் கணக்க மனப்பாடம் பண்ணிட்டேன் டீச்சர், சரியான்னு மட்டும் பாருங்க" என்றாள். ஆக்சாலிக் அமிலத்தின் சமான நிறை 63 என்று எழுதியிருந்தாள்.

"63 எங்கேயிருந்தும்மா வந்துச்சு?"

"நோட்டுல இருக்கு டீச்சர்."

அவளைக் குறை சொல்லவில்லை. பதில் அவ்வளவு நேர்மையாக இருந்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த 63-ஐப் பிரித்துப் பார்த்தோம். ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறையைக் கூட்டினாள், 90 வந்தது. 90-ஐ 2-ஆல் வகுத்தால் 45தானே வர வேண்டும், 63 எப்படி என்று கேட்டேன். ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கும், நினைவுபடுத்திப் பார் என்றேன். "டைஹைட்ரேட்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. படிகத்துக்குள் இரண்டு நீர் மூலக்கூறு இருக்கிறது, அதற்கு 36. ஆக மொத்தம் 126, அதில் பாதி 63. சரி, ஏன் பாதி? காரத்தோடு வினைபுரியும்போது இந்த அமிலம் இரண்டு புரோட்டானைக் கொடுக்கிறது. பெர்மாங்கனேட்டோடு வினைபுரியும்போது இரண்டு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. இரண்டு இடத்திலும் எண் 2 ஆகவே இருப்பதால் எது எதற்கு என்ற வேறுபாடு பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லை. "அப்ப பெர்மாங்கனேட்ட அஞ்சால வகுக்குறது, மாங்கனீசு ஏழுலேருந்து ரெண்டுக்கு இறங்குறதாலயா?" என்று அவளே கேட்டாள். ஆமாம், அதன் ஆக்சிஜனேற்ற எண் ஐந்து குறைகிறது என்றேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு நிறை 158-ஐ 5-ஆல் வகுத்து 31.6 என்று எழுதினாள். அமிலம் ஊற்றாமல் விட்டால் மாங்கனீசு நான்கோடு நின்றுவிடும், அப்போது மூன்றால்தான் வகுக்க வேண்டும், கூம்புக் குடுவையில் பழுப்பாகக் கலங்குவது அதனால்தான் என்றேன். போன வாரம் ஆய்வகத்தில் தன் குடுவை அப்படிக் கலங்கியதையும், அதற்காகத் திட்டு வாங்கியதையும் சொல்லிச் சிரித்தாள்.

நாற்பது நிமிடம் ஆனது. போகும்போது, "இத ஏன் டீச்சர் யாரும் சொல்லல?" என்று கேட்டாள்.

சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில், ஆங்கிலத்தில், பருவத் தேர்வுக்குள் பாடத்தை முடிக்க வேண்டிய வேகத்தில், உங்கள் ஆசிரியர் ஒருமுறை சொல்லியிருப்பார். இரண்டாம் முறை கேட்க இவளுக்கு ஆள் இல்லை. உங்களிடம் நான் பேச வந்தது அந்த இரண்டாம் முறையைப் பற்றித்தான்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தோண்டியதில் எனக்கும் பங்கு உண்டு. மோல், வேதிக் கணக்கீடு, ஆக்சிஜனேற்ற எண், வேதிப் பிணைப்பு, சமநிலை என்று கல்லூரி முதலாண்டு நிற்கிற தூண்களில் பெரும்பாலானவை பதினோராம் வகுப்பில் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் நெருக்கடியில் பதினோராம் வகுப்பை விரட்டிக்கொண்டு ஓடிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. மோல் கணக்கை மூன்று வாரம் நடத்த வேண்டிய இடத்தில் ஒரு வாரத்தில் முடித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள்தான் இன்று உங்கள் வகுப்பில், "வி ஒன் என் ஒன் ஈக்குவல் டு வி டூ என் டூ" என்று மந்திரம்போலச் சொல்லிவிட்டு, எந்த வி எந்தக் கரைசலுக்கு என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

அதோடு மொழி. 'தரம் பார்த்தல்' என்றால் என்ன என்று அழகாக விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு 'டைட்ரேஷன்' என்ற சொல் புதிது. 'இணைதிறன்' தெரியும், 'வேலன்சி' தெரியாது. 'இனக்கலப்பு' தெரியும், 'ஹைபிரிடைசேஷன்' என்று கரும்பலகையில் எழுதினால் வேறேதோ பாடம் என்று நினைக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு வேதியியல் வராது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வேதியியல் வந்திருக்கிறது ஐயா. அது வேறு பெயரில் உள்ளே இருக்கிறது. அந்தப் பெயரையும் இந்தப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'நீ படிச்சதுதான் இது' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆங்கில வழியில் சேர்ந்த மாணவர்களும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்கலாம் என்று 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. எழுத விடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், பேசவாவது விடுவோம்.

புரியாதவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று ஒரு பட்டியல் போட்டு, 'ரெமிடியல் கிளாஸ்' என்று ஒரு பதிவேடு வைத்து, தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், நடக்காத வகுப்புக்குப் பிள்ளைகளிடம் மூன்று மாதக் கையெழுத்தை ஒரே மதியத்தில் வாங்கினார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்தத் துறையில் நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தலையில் அத்தனை வேலை. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருந்த ஒரு பையன், அதன் பிறகு வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று அவன் அக்கா சொன்னாள். இன்டர்னல் ஒன்றில் பன்னிரண்டு மதிப்பெண் குறைந்ததற்காக ஒரு பிள்ளையை 'மெதுவாகக் கற்பவன்' என்று எழுதி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதை வேறு விதமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் நகர வளாகத்தில் 1973-இல் டீனா மார்ட்டின் என்ற அம்மையார் ஒரு முறையைத் தொடங்கினார். கடினமான மாணவர்கள் என்று அவர் யாரையும் பிரிக்கவில்லை, கடினமான பாடங்கள் எவை என்று பிரித்தார். நிறையப் பேர் தோற்கும் பாடத்துக்கு, அதை முன்பே நன்றாக முடித்த மூத்த மாணவர் ஒருவரை அமர்த்தினார். அவர் அந்த வகுப்பில் மறுபடியும் போய் உட்காருவார், வகுப்புக்கு வெளியே வாரம் சில மணி நேரம் குழுவாக எல்லோரோடும் உட்காருவார். பாடத்தைத் திரும்ப நடத்த மாட்டார். முதல் மதிப்பெண் எடுப்பவரும் வரலாம், தோற்பவரும் வரலாம். வந்தால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

அதே பத்தாண்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கால்குலஸ் பாடத்தில் சில மாணவர்கள் ஏன் தொடர்ந்து தோற்கிறார்கள் என்று அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் உழைக்காமல் இல்லை. தனியாக உழைத்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு ஒன்றாகக் கூடி ஒருவர் கணக்கை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். அவர் செய்தது, எளிய கணக்குகளைக் கொடுத்துத் தேற்றுவதற்குப் பதிலாகக் கடினமான கணக்குகளைக் கொடுத்து எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்ததுதான். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். 1990-களில் நியூயார்க் சிட்டி கல்லூரியில் இதே எண்ணத்தை முதலாண்டு வேதியியலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் ஒரு குழு, அதற்கு ஒரு மாணவத் தலைவர். விடைத்தாள் கையில் தரப்படுவதில்லை. சரியா தப்பா என்று குழுவே பேசி முடிவு கட்ட வேண்டும்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு எங்கள் ஐயா நினைவுதான் வந்தது. தாத்தாவை நாங்கள் ஐயா என்போம். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாமல், மீசை முளைக்கும் முன்பே பர்மாவுக்கு, மோல்மீனில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர். கடையில் ஏஜென்ட் இருப்பார், அவருக்கு அடுத்தாள் இருப்பார், கடைசியில் பெட்டியடிப் பையன். ஏஜென்ட் தனக்கு ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை என்று ஐயா சொல்வார். ஏஜென்ட்டிடம் போய்க் கேட்கப் பயம். அடுத்தாளிடம் கேட்கலாம். அவரும் சில வருடம் முன்னால் அதே பெட்டியடியில் உட்கார்ந்தவர், வட்டிக் கணக்கில் எந்த இடத்தில் புதுப் பையன் இடறுவான் என்று அவருக்குத் தெரியும். 'மாகாணியில விட்டிருப்ப, பாரு' என்பாராம். பார்த்தால் அங்கேதான் விட்டிருக்கும். பதினாறில் ஒரு பங்கை விட்டால் பேரேடு நேராகாது.

கடல் கடந்து வணிகம் செய்த ஊர்கள் தம் பிள்ளைகளை இப்படித்தான் பழக்கின. நம் கல்லூரிகளில் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள், பெட்டியடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவில் இருக்க வேண்டிய அடுத்தாளைக் காணவில்லை. நான் கேட்பது அந்த ஆளைத்தான்.

இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர்களில் சிலரைத் தேர்ந்தெடுங்கள். மாதச் சம்பளம் கொடுங்கள். கல்லூரி விட்டதற்கும் பஸ்ஸுக்கும் நடுவே கிடக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஓர் அறையைத் திறந்து விடுங்கள். கல்லல், சாக்கோட்டை, கண்டனூர், திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகளை இருட்டிய பிறகு இருக்கச் சொல்ல முடியாது, அதனால் ஐந்தரைக்குள் முடித்துவிட வேண்டும். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று நடக்கும் கல்லூரிகளில் நேரம் மாறும், அதை உங்களால் எளிதாகச் சரிசெய்ய முடியும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. முதல் மதிப்பெண் வாங்கியவரை மட்டும் பார்க்காதீர்கள். முதல் பருவத்தில் தடுமாறி, பிறகு எழுந்து நன்றாகத் தேறிய பிள்ளை ஒன்றிரண்டு எல்லா வகுப்பிலும் இருக்கும். எங்கள் முகப்பில் எனக்குத் துணையாக இருப்பவன் அப்படிப்பட்டவன்தான். தேவகோட்டைப் பையன், மூன்றாம் ஆண்டு, முதல் பருவத்தில் அரியர் வைத்தவன். ஒரு நாள் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் பொருள், பற்றி நான் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், எட்டு முகத்திலும் ஒளி இல்லை. அவன் எழுந்து, "கல்யாண வீட்டுல தாம்பூலப் பை போடுறோம்டா. பைக்கு ஒரு தேங்கா, ரெண்டு சாத்துக்குடி. உன்கிட்ட தேங்கா நூறு, சாத்துக்குடி நூத்தம்பது. எத்தன பை?" என்றான். எழுபத்தைந்து என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். "எது தீந்து போச்சு? எது மிச்சம்? தேங்கா அதிகமா இருக்கேன்னு தேங்காய வச்சா பைய எண்ணுன?" அவ்வளவுதான். அதன் பிறகு ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொடுத்தபோது எவரும் தவறவில்லை. முப்பத்தோரு வருட அனுபவம் எனக்கு. அந்தத் தேங்காய் எனக்குத் தோன்றவில்லை. எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பது அவனுக்கு இன்னும் மறக்கவில்லை, எனக்கு மறந்து போய்விட்டது.

அதே பையன் வேறொரு நாள், வினையூக்கி சேர்த்தால் சமநிலை விளைபொருள் பக்கம் நகரும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தடுத்தேன். வினையூக்கி முன்னோக்கு வினையையும் பின்னோக்கு வினையையும் சேர்த்தே விரைவாக்கும், சமநிலைக்குச் சீக்கிரம் கொண்டுபோகும், சமநிலை இருக்கும் இடத்தை மாற்றாது. அவனுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு அவனே பிள்ளைகளிடம் திருத்திச் சொன்னான். அடுத்தாளைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்த வாரம் என்ன பாடம், எங்கே தவறு வரும் என்று, வாரத்துக்கு அரை மணி நேரம் துறை ஆசிரியர் ஒருவர் அவர்களோடு உட்கார வேண்டும். பேராசிரியப் பெருமக்களிடம் நான் கேட்கும் கூடுதல் வேலை இது ஒன்றுதான்.

அறையில் நோட்ஸ் எழுதப் போடும் பேச்சே இருக்கக் கூடாது. கைடும் இரண்டு மதிப்பெண் வினா விடையும் கடைகளில் கிடைக்கின்றன, கைப்பேசியில் கேட்டால் விடை முழுதாக வந்து விழுகிறது. பிள்ளைகளுக்கு விடைக்குப் பஞ்சமில்லை. தன் விடை ஏன் தப்பு என்று பொறுமையாகக் கேட்க ஒரு காதுதான் இல்லை.

கிளாஸ்கோவில் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் என்ற வேதியியல் ஆசிரியர் ஒன்று சொல்லியிருக்கிறார். வேதியியலில் மூன்று தளம் இருக்கிறது: கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள், தாளில் எழுதும் குறியீடு. ஆசிரியர் பேசும்போது ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கும் தாவிவிடுகிறார், புதிதாகக் கற்பவர் அங்கேதான் தொலைந்து போகிறார் என்பது அவர் கண்டது. இதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் வீட்டுச் சுவர்.

நம் வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் என்று பல நாள் அரைத்துப் பூசி இழைத்த அந்த வழவழப்பு கோடையிலும் சில்லென்று இருக்கும். ஒரு நாள் பிள்ளைகளை அதன்மேல் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு தாளில் போட்டோம். சுண்ணாம்புக்கல் 100 கிலோ. சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு 44 கிலோ போய்விடும், மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் 18 கிலோ நீர் சேர்ந்தால் கொதித்து நீற்றிய சுண்ணாம்பு ஆகும், 74 கிலோ. (நீற்றும்போது இதைவிட அதிகமாகத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள், பாதி ஆவியாகப் போகும். கணக்குக்குள் வருவது 18தான்.) அதைச் சுவரில் பூசிவிட்டால், காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, நீரை வெளியே விடும். எவ்வளவு வாங்கும், எவ்வளவு விடும் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். 74-உடன் 44-ஐக் கூட்டினார்கள், 18-ஐக் கழித்தார்கள். புதுவயல் பெண் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "நூறு டீச்சர். மறுபடியும் கல்லாயிருச்சு."

அன்று மோல் கணக்கு என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. ஆனால் சுவரும், அதற்குள் இருக்கும் கால்சியமும், தாளில் இருக்கும் எண்ணும் அன்றைக்கு ஒரே இடத்தில் வந்து நின்றன.

இந்த ஊரில் இப்படி எத்தனையோ இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, சிமென்ட் நீரோடு சேர்ந்து இறுகுவதால்தான் அதை நீரில் ஊறப்போடுகிறார்கள். சீதனப் பித்தளைக்கு வெள்ளீயம் பூசும்போது நவச்சாரம் தூவுவது, அது சூட்டில் பிரிந்து கொடுக்கும் அமில வாயு உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடை அரித்து எடுப்பதற்காக. புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளிச்சிடுவதும் அதே கதைதான். அடுத்தாள்கள் இந்த ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் இந்த எடுத்துக்காட்டுகள் தானாக வரும்.

துணைப்பாடமாக வேதியியல் படிக்கும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். இயற்பியல், விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் 'அல்லைடு கெமிஸ்ட்ரி' என்று ஒன்றைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு வேதியியல் துறையில் அண்ணன், அக்கா என்று யாரையும் தெரியாது. துறை வாசலுக்கு வரவே தயங்குகிறார்கள். என் முகப்பில் ரொம்பத் தடுமாறுபவர்கள் அவர்கள்தான். அறையின் கதவில் எல்லாத் துறையினரும் வரலாம் என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

ஆய்வகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டை ஒரு பிள்ளை நிதானமாகக் கையில் பிடித்துப் பழக நம் ஆய்வகங்களில் நேரமில்லை. உடைத்தால் பணம் கட்ட வேண்டும் என்ற பயத்தில், நான்கு பேர் குழுவில் துணிச்சலான ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார், மற்ற மூவர் அளவை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். வாரம் ஒரு மாலை, வெறும் தண்ணீரும் சாயத் தண்ணீரும் வைத்துப் பழக விடுங்கள். நிறமற்ற கரைசலுக்குக் கீழ்ப்பிறையை, அதாவது வளைந்த மட்டத்தின் அடியை, பார்க்க வேண்டும், பெர்மாங்கனேட்டுக்குக் கீழ்ப்பிறை தெரியாது, மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. கையில் பிடித்துக் குனிந்து பார்த்தவர்களுக்கே அது நிலைக்கும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் அப்போதே விட வைக்கலாம். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. ரப்பர் பல்பு பெரிய செலவில்லை.

இனிச் செலவைப் பற்றி, சங்கத்துப் பெரியவர்களிடம். ஒரு கல்லூரிக்கு ஆறு அடுத்தாள்கள், ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய், பத்து மாதம் என்று வைத்தால் 90,000 ரூபாய் ஆகிறது. சம்பளமில்லாமல் சேவையாகச் செய்யட்டுமே என்று சிலர் சொல்லக்கூடும். வேண்டாம். அந்த மூன்றாம் ஆண்டுப் பையன் மாலையில் ஜவுளிக்கடையில் நின்றால் அவனுக்குச் சம்பளம் கிடைக்கும், அவன் வீட்டுக்கு அந்தப் பணம் வேண்டும். அடுத்தாளுக்கு எந்தக் கடையிலும் சம்பளம் உண்டு. வணிகத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கிக் கோயிலும் ஊருணியும் பாடசாலையும் நடத்தியவர்கள் உங்கள் முன்னோர். அந்த மகமையில் இதற்கும் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

வேதியியலுக்கு என்று கேட்பதற்கு இந்த மண்ணில் எனக்குக் கூடுதல் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய வள்ளல் அழகப்பர், மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். சிக்ரி என்று நாம் சொல்லும் அந்த ஆய்வகத்தின் வளாகத்தைத் தாண்டித்தான் இந்தப் பிள்ளைகள் பல பேர் தினமும் பஸ்ஸில் போகிறார்கள். உள்ளே மின்கலமும் அரிமானமும் ஆராய்கிறார்கள். அந்த மதிலுக்கு வெளியே ஒரு பிள்ளை, ஆக்சிஜனேற்ற ஒடுக்கச் சமன்பாடு ஒன்றைச் சமன் செய்யத் தெரியாமல் வேதியியலே வேண்டாம் என்று விட்டுவிட்டால் எனக்கு மனசு தாங்கவில்லை. அங்கிருக்கும் விஞ்ஞானிகளில் ஒருவர், ஆய்வு மாணவர் ஒருவர், மாதத்தில் ஒரு மாலை அந்த அறைக்கு வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். உரையாற்ற வேண்டாம், பிள்ளைகளோடு ஒரு கணக்கைப் போட்டால் போதும்.

அரசு தன் பங்கைச் செய்திருக்கிறது. 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. வீட்டில் முதல் முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒருமுறை அரியர் விழுந்ததும், "இது நமக்கு வராதுத்தா, விட்ரு" என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. "அது வரும், உட்காரு" என்று சொல்லும் ஆளைக் கல்லூரிதான் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு கல்லூரியில் தொடங்கினாலும் எனக்குப் போதும். வரும் கல்வியாண்டின் முதல் பருவத்துக்கு ஓர் அறை, நான்கு பெஞ்சு, ஒரு கரும்பலகை, ஆறு பிள்ளைகள். அந்த ஆறு பேருக்குத் தொடக்கத்தில் பயிற்சி கொடுக்க நான் வருகிறேன், கூலி வேண்டாம். நான்கு ஆண்டுகளாகப் பிள்ளைகள் எந்தெந்த இடத்தில் நின்றார்கள், என்ன கேட்டார்கள் என்று தேதி போட்டு இரண்டு குயர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதையும் தந்துவிடுகிறேன். தமிழ்ச் சொல்லுக்கு நேராக ஆங்கிலச் சொல் எழுதிய பட்டியல் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. புதுவயல் பெண் அழகான கையெழுத்தில் எழுதியது. அவள் இப்போது இரண்டாம் ஆண்டு. அடுத்தாளாக வரச் சம்மதமா என்று கேட்டேன். "அஞ்சரை பஸ்ஸுக்கு விட்டுட்டா வரேன் டீச்சர்" என்றாள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை ஒருத்தி,
காரைக்குடி